பரிந்துரைக் கடிதம்: கேட்கத் தயங்கியவர்களின் வரலாறு

எங்கள் மாலைநேரப் படிப்பு மையத்தில் படித்து, பிறகு அங்கேயே சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த மாணவி ஒருத்தி, இங்கிலாந்தில் முதுகலை படிக்க விண்ணப்பம் போட்டாள். மதிப்பெண் இருந்தது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பாஸ்போர்ட் எல்லாம் இருந்தன. தன்னைப் பற்றி எழுதவேண்டிய கட்டுரையை ஏழு முறை திருத்தி எழுதி வைத்திருந்தாள். கடைசித் தேதிக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. கேட்ட இரண்டு பரிந்துரைக் கடிதங்களில் ஒன்றுகூட அவள் கையில் இல்லை.

"சாரைப் போய்க் கேட்டியாம்மா?" என்றோம்.

"இல்லண்ணா. அவருக்கு என் பேரு தெரியுமான்னே எனக்குத் தெரியல" என்றாள்.

மூன்று வருடம் அவருடைய வகுப்பில் உட்கார்ந்தவள். துறையிலேயே இரண்டாவது மதிப்பெண் வாங்கியவள். நாங்கள் பிடித்துத் தள்ளிய பிறகு போய்க் கேட்டாள். ஒருவர், "நீயே எழுதிட்டு வா, கையெழுத்துப் போட்டுத் தரேன்" என்றார். இன்னொருவர் சிரித்துக்கொண்டே, "உங்களுக்கெல்லாம் கோட்டாவிலேயே கிடைச்சிடுமே, லெட்டர் எதுக்கு?" என்றார். அன்று மாலை அவள் மையத்துக்கு வரவில்லை.

கையெழுத்துப் போடுகிறேன் என்றவர் கெட்டவர் இல்லை. நம் கல்லூரிகளில் அதுதான் நடைமுறை. ஆனால் தன்னைப் பற்றி இன்னொருவர் எழுதவேண்டிய புகழுரையைத் தானே எழுத உட்கார்ந்த அந்தப் பெண், "ஒழுங்காக வகுப்புக்கு வருவார், பணிவானவர்" என்பதற்கு மேல் ஒரு வரிகூட எழுதவில்லை. பணிவைத்தானே பள்ளிக்கூடம் நமக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது?

இந்தக் கடிதம் நமக்குப் புதிது. தமிழ்நாட்டில் கலைக் கல்லூரியில் சேர்ந்தாலும் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தாலும் யாரும் நம்மைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லவேண்டியதில்லை. மதிப்பெண் பட்டியல், டி.சி., சாதிச் சான்றிதழ் போதும். இதை நாம் குறைவாக நினைக்கக் கூடாது. ஒரு காலத்தில் இங்கே மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கு நேர்காணல் இருந்தது. தேர்வுக்கு 200, நேர்காணலுக்கு 75 என்று மொத்தம் 275 மதிப்பெண். அந்த 75-ஐ வழங்கிய விதம் சரியில்லை, அது மிகையாகவும் தெரிகிறது என்று பெரியகருப்பன் வழக்கில் 1970-இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்த்து மார்க் போடும் இடத்தில் யாருக்கு மார்க் விழும் என்பது நமக்குத் தெரியும். எண்ணை மட்டும் பார் என்ற கோரிக்கை அந்த அனுபவத்திலிருந்து வந்தது.

ஆனால் எல்லை தாண்டிப் படிக்கப் போகிற நம் பிள்ளைகளிடம், உன்னை அறிந்தவர் யார், அவர் உன்னைப் பற்றி என்ன சொல்கிறார் என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு நம்மிடமும் ஒரு வரலாறு இருக்கிறது. அதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லவில்லை என்பதுதான் குறை.

1856 ஜூனிலிருந்து தொடங்குவோம். தார்வாரில் மகர் சாதிச் சிறுவன் ஒருவன் அரசுப் பள்ளியில் சேர இடம் கேட்டான். கிடைக்கவில்லை. பம்பாய் அரசுக்கு மனு எழுதினான். ஒரே ஒரு சிறுவனுக்காகப் பள்ளியைத் திறந்துவிட்டால் மற்றவர்கள் எல்லோரும் வெளியேறிவிடுவார்கள், பிறகு பள்ளியால் யாருக்கும் பயன் இருக்காது என்ற நியாயத்தைச் சொல்லி அரசு கையை விரித்தது. இந்த நிகழ்வை அண்ணல் அம்பேத்கரே பின்னாளில் எடுத்து எழுதியிருக்கிறார். அந்தச் சிறுவன் கேட்கத் தயங்கவில்லை.  

அரை நூற்றாண்டு கழித்து, 1907-இல் பம்பாயில் இன்னொரு மகர் சிறுவன் மெட்ரிகுலேஷன் தேறினான். எல்ஃபின்ஸ்டன் பள்ளி அரசுப் பள்ளிதான். அங்கேயும், கணக்குப் போட பீம்ராவைக் கரும்பலகைக்கு அழைத்தபோது, பலகைக்குப் பின்னால் இருந்த தங்கள் சாப்பாட்டுப் பாத்திரங்கள் தீட்டாகிவிடும் என்று மற்ற மாணவர்கள் ஓடிப்போய் எடுத்தார்கள். சமஸ்கிருதம் படிக்க விடவில்லை, பாரசீகம் படித்தார். ஆனால் பள்ளிக்கு வெளியே, பூங்காவில் உட்கார்ந்து படிக்கிற இந்தப் பையனை ஒருவர் கவனித்துக்கொண்டிருந்தார். அவர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர், வேறொரு பள்ளியின் ஆசிரியர். தேர்ச்சிக்காக நடந்த பாராட்டுக் கூட்டத்தில், தான் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாகக் கொடுத்தார். அதோடு போய்விடவில்லை. இன்டர்மீடியட் முடித்த பிறகு பணமில்லாமல் படிப்பு நிற்கும் நிலை வந்தபோது, பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடிடம் அவருக்காகப் பேசினார், நேரில் அழைத்தும் போனார். மன்னர் கேள்வி கேட்டார், இளைஞர் பதில் சொன்னார். மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது.

அண்ணல் அம்பேத்கர் தன் அறிவால் உயர்ந்தார் என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். உண்மைதான். மன்னரின் கேள்விகளுக்குப் பதில் சொன்னது அவருடைய அறிவுதான். ஆனால் அந்த அறை வரைக்கும் கூட்டிப்போக ஒரு வாத்தியார் தேவைப்பட்டார். இதைச் சொன்னால் அண்ணலின் பெருமை குறையாது, கேளுஸ்கர் போன்ற ஆசிரியர்கள் எவ்வளவு தேவை என்பது புரியும். கேளுஸ்கர் நம் சாதிக்காரர் அல்ல. பீம்ராவ் அவருடைய பள்ளி மாணவரும் அல்ல. படிக்கிற பையனைக் கண்டார், போய்ச் சொன்னார்.

1913-இல் அதே பரோடா அரசின் உதவித்தொகையில், மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று ஆண்டுகளுக்கு, என்ற கணக்கில் அண்ணல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே அவருக்கு வாய்த்த பொருளாதாரப் பேராசிரியர் எட்வின் செலிக்மன். பிறகு லண்டன், பணம் தீர்ந்து ஊர் திரும்பல், சிடன்ஹாம் கல்லூரியில் ஆசிரியர் வேலை எல்லாம் முடிந்து, 1920-இல் விட்ட படிப்பைத் தொடர மறுபடியும் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வாசலுக்கு வந்தார். அப்போது செலிக்மன், லண்டன் பேராசிரியர் ஹெர்பர்ட் ஃபாக்ஸ்வெல்லுக்குக் கடிதம் எழுதினார். தன் பழைய மாணவரைப் பற்றி மனமாரச் சொல்லி, அவருடைய ஆய்வுக்கு உதவும்படி கேட்டுக்கொண்டார். அந்த நவம்பரில் ஃபாக்ஸ்வெல் கல்லூரிச் செயலாளருக்கு எழுதிய குறிப்பின் சாரம் இது: இவர் ஏற்கெனவே டாக்டர் பட்டப் படிப்பை முடித்தவர், இங்கே இவர் வென்றெடுக்க இனி ஒன்றும் மிச்சமில்லை. கல்விக் கட்டணமாகப் பதினொரு பவுண்டு பதினொரு ஷில்லிங்கைக் கட்டிவிட்டு அண்ணல் படிக்க உட்கார்ந்தார்.

கடிதம் எழுதிய இந்த செலிக்மன் யார்? 1877-இல் அமெரிக்காவில் சரடோகா என்ற ஊரின் பெரிய ஓட்டலில், யூதர் என்பதற்காக ஜோசப் செலிக்மன் என்ற வங்கியாளருக்கு அறை மறுத்தார்கள். நாடே பேசிய விவகாரம் அது. அந்த ஜோசப்பின் மகன்தான் நம் அண்ணலுக்குக் கடிதம் எழுதிய பேராசிரியர். நகரங்களுக்கு வந்த கறுப்பின மக்களுக்காகத் தொடங்கப்பட்ட நேஷனல் அர்பன் லீக்கின் தொடக்ககாலத் தலைவரும் அவர்தான். வாசலில் நிறுத்தப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர், வாசலில் நிற்கிற இன்னொருவருக்காக எழுதினார்.

ஆனால் கடிதம் மந்திரக்கோல் அல்ல. லண்டனிலிருந்து முதல் முறை திரும்பி, 1917-இல் பரோடா அரசு வேலைக்குப் போன அண்ணலுக்கு அந்த ஊரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. சாதியை மறைத்துத் தங்கிய பார்சி விடுதியிலிருந்து கம்போடு வந்த கூட்டம் வெளியேற்றியது. கொலம்பியாவில் படித்தவர் என்பதை அந்தக் கூட்டம் மதிக்கவில்லை. பரிந்துரைக் கடிதம் ஒரு கதவைத் திறக்கும். அடுத்த கதவுக்கு மறுபடியும் போராடத்தான் வேண்டும்.

கதவைத் திறக்கிற அதே கடிதம் கதவை அடைக்கவும் பயன்பட்டிருக்கிறது. செலிக்மன் அண்ணலுக்காக எழுதிய அதே ஆண்டுகளில் அமெரிக்கப் பெரிய பல்கலைக்கழகங்கள் ஒரு 'பிரச்சினை'யைப் பேசிக்கொண்டிருந்தன. நுழைவுத் தேர்வில் யூத மாணவர்கள் நிறையப் பேர் தேறிவிடுகிறார்கள் என்பதுதான் அது. 1922-இல் ஹார்வர்டில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் யூத மாணவர்கள். தலைவர் லோவல் வெளிப்படையாகவே ஓர் உச்சவரம்பு வைக்க நினைத்தார். எதிர்ப்பு வந்தது, ஆசிரியர் குழுவும் ஏற்கவில்லை. அதனால் வேறு வழி கண்டார்கள். விண்ணப்பப் படிவத்தில் இனம், மதம், தாயின் பிறந்த வீட்டுப் பெயர், தந்தை பிறந்த இடம் எல்லாம் கேட்டார்கள். உன் பெயரையோ தந்தை பெயரையோ எப்போதாவது மாற்றியது உண்டா என்றும் கேட்டார்கள். மாணவன் மறைத்துவிடக்கூடும் என்று, அவன் படித்த பள்ளித் தலைமையாசிரியருக்கே தனியாக ஒரு படிவம் அனுப்பி, அவன் மதம் என்ன என்று நிரப்பச் சொன்னார்கள். 1926-இல், மதிப்பெண் மட்டும் போதாது, 'குணநலன்' பார்க்கவேண்டும் என்று விதியையே மாற்றினார்கள். புகைப்படமும் கேட்டார்கள். அண்ணல் படித்த கொலம்பியாவும் அந்தக் காலத்தில் இதே வேலையைச் செய்தது.

'குணநலன்' என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு ஏதோ தட்டுப்படுகிறது அல்லவா? கூப்பிட்ட பெயரை வைத்து ஊர் எது தெரு எது என்று விசாரிக்கும் நம்மூர்க்காரர்களுக்கு அந்தப் படிவம் அந்நியமாகவே தெரியாது. தகுதி என்பதற்கு அளவுகோல் எண்ணாக இருந்தவரை ஒடுக்கப்பட்டவர்கள் உழைத்து அதைத் தொட்டார்கள். தொட்டவுடன் அளவுகோலை மாற்றினார்கள். இன்றைக்கு நம் பிள்ளைகள் நிரப்புகிற வெளிநாட்டு விண்ணப்பங்களில் இருக்கும் கடிதம், கட்டுரை, குணநலன் பற்றிய கேள்வி ஆகியவற்றின் பூர்வீகத்தில் இந்தக் கதையும் இருக்கிறது. 'நல்ல பையன்', 'நம்ம பையன்' என்று யாரை ஒரு வாத்தியார் இயல்பாக நினைக்கிறாரோ அவனுக்குக் கடிதம் எளிதில் கிடைக்கும். எனவே பரிந்துரைக் கடிதத்தைத் தகுதியின் அளவுகோலாக நாம் ஒப்புக்கொள்ளவே முடியாது. ஆசிரியருக்கு எந்த மாணவனைத் தெரியும், எவனைத் தெரியாது என்பதன் பதிவு அது.

அப்படியானால் கேட்காமலே இருந்துவிடலாமா? இங்கே இரண்டு பேரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

முதலாமவர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ். 1890-இல் ஹார்வர்டில் மேற்படிப்பு மாணவர். கறுப்பினத்தவர் கல்விக்கான ஸ்லேட்டர் நிதியத்தின் தலைவர், முன்னாள் குடியரசுத் தலைவர் ஹேய்ஸ். ஐரோப்பாவுக்கு அனுப்பிப் படிக்கவைக்கத் தகுதியான கறுப்பின இளைஞன் ஒருவனும் கிடைக்கவில்லை என்று அவர் பேசியதாகப் பத்திரிகையில் செய்தி வந்தது. டுபாய்ஸ் கோபப்பட்டுக்கொண்டு சும்மா உட்காரவில்லை. இதோ நான் இருக்கிறேன் என்று விண்ணப்பித்தார், பேராசிரியர்களின் பரிந்துரைகளையும் சேர்த்தார். அப்படி ஒரு திட்டம் இப்போது இல்லை என்று பதில் வந்தது. அடுத்த ஆண்டு காட்டமாக மறுபடியும் எழுதினார். அதற்கு அடுத்த ஆண்டும் விடவில்லை. 1892-இல் 750 டாலர் கிடைத்தது, பாதி நன்கொடை, பாதி கடன். பெர்லினுக்குப் போனார். 1946-இல், கறுப்பின மக்களின் பிரச்சினையை ஐ.நா.வுக்குக் கொண்டுபோகும் மனுவைப் பற்றி விசாரித்து நம் அண்ணல் கடிதம் எழுதியது இந்த டுபாய்ஸுக்குத்தான். கேட்டும் கிடைக்காதபோது திரும்பத் திரும்பக் கேட்பது கெஞ்சுவது ஆகாது என்பதற்கு அவர் சாட்சி.

இரண்டாமவர் கே. ஆர். நாராயணன். கேரளத்தின் உழவூரில், கூரை வீட்டில் பிறந்த தலித். 1943-இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் முதலிடம் பெற்றார். முதலிடம் வாங்கியவருக்கு விரிவுரையாளர் வேலை கொடுக்கவில்லை. மதிப்பெண் இருந்தால் போதும் என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்கவேண்டும். பத்திரிகையாளராக வேலை பார்த்தார். டாடா உதவித்தொகையில் 1945-இல் லண்டன் போனார். அண்ணல் படித்த அதே கல்லூரியில் பேராசிரியர் ஹரால்டு லாஸ்கியிடம் படித்தார். 1948-இல் ஊர் திரும்பும்போது, கேட்காமலேயே, நேருவுக்கு ஓர் அறிமுகக் கடிதம் எழுதிக் கொடுத்தார் லாஸ்கி.

அடுத்து நடந்ததை நாராயணனே பின்னாளில் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். பிரதமரைச் சந்திக்க நேரம் கிடைத்தது. லண்டனைப் பற்றிச் சில நிமிடம் பேசினார்கள். பேச்சு முடிந்தது, கிளம்பவேண்டும் என்று புரிந்தது. விடைபெற்று வெளியே வரும் நேரத்தில்தான் சட்டைப்பையில் இருந்த அந்தக் கடிதத்தை நீட்டினார். நாடாளுமன்றத்தின் வட்டமான தாழ்வாரத்தில் பாதி தூரம் நடந்திருப்பார். பின்னாலிருந்து கைதட்டிக் கூப்பிடும் சத்தம். திரும்பிப் பார்த்தால் நேரு. கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு அழைக்கிறார். இதை ஏன் முதலிலேயே கொடுக்கவில்லை என்று கேட்டார். கிளம்பும்போது கொடுத்தால் போதும் என்று நினைத்தேன் என்றார் நாராயணன். சீக்கிரமே, 1949-இல், அவர் வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். 1997-இல் குடியரசுத் தலைவர் ஆனார்.

இந்தக் கதையை நாங்கள் மையத்தில் பலமுறை சொல்லியிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் சிரிப்பார்கள், பிறகு அமைதியாகிவிடுவார்கள். உலகப் புகழ்பெற்ற பேராசிரியர் எழுதிய கடிதம் பையில் இருக்கிறது. எடுத்து மேஜைமேல் வைக்கக் கை வரவில்லை. அந்தத் தயக்கத்தை நம் பிள்ளைகளுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. வகுப்புக்கு வெளியே நின்று பழகிய தலைமுறைகளின் தயக்கம் அது. பிறவிக் குணம் அல்ல, பழக்கிவிடப்பட்டது.

ஆகவே நம் மாணவர்களுக்கு நாங்கள் சொல்வது இவ்வளவுதான். கடிதம் கேட்பது பிச்சை கேட்பது அல்ல. மாணவரைப் பற்றி எழுதித் தருவது ஆசிரியர் வேலையில் ஒரு பகுதி. பெரிய பதவியில் இருப்பவரைத் தேடி ஓடாதே. உன் வேலையைக் கண்ணால் பார்த்தவரைக் கேள். கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்னால், முடிந்தால் நேரில் போய்க் கேள். உன் மதிப்பெண் பட்டியல், நீ எழுதிய கட்டுரை, அவர் வகுப்பில் நீ செய்த ப்ராஜெக்ட், எங்கே எதற்கு விண்ணப்பிக்கிறாய், கடைசித் தேதி எது என்ற விவரங்களை ஒரே தாளில் எழுதிக் கொடு. பல்கலைக்கழகத்திலிருந்து இணைப்பு அவருடைய மின்னஞ்சலுக்குத்தான் போகும், ஸ்பேம் பெட்டியிலும் பார்க்கச் சொல். பத்து நாள் கழித்து நினைவூட்டு. அதற்குப் பிறகும் நினைவூட்டு. டுபாய்ஸ் மூன்று வருடம் நினைவூட்டினார்.

ஆசிரியர்களுக்கும், குறிப்பாக இடஒதுக்கீட்டில் வந்து இன்று பேராசிரியர்களாக இருக்கும் நம் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "நீயே எழுதிட்டு வா" என்று சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளைக்குத் தன்னைப் பற்றி எழுதத் தெரியாது. முதல் தலைமுறையாகப் படிக்கிற பிள்ளை, வேலைக்குப் போய்க்கொண்டே எந்த நிலையில் படித்தது, எந்தக் கேள்வியைக் கேட்டு உங்களை யோசிக்கவைத்தது என்று உங்களுக்குத்தான் தெரியும். அந்த ஒரு சம்பவத்தை எழுதுங்கள். 'பணிவானவர்' என்ற சொல்லை மட்டும் எழுதாதீர்கள். எட்வின் கேனன், அண்ணலின் 'ரூபாயின் பிரச்சினை' நூலுக்கு 1923-இல் எழுதிய முன்னுரையில், தனக்கு இதில் பல இடங்களில் உடன்பாடு இல்லை என்று சொல்லியே அவருடைய சிந்தனையின் புதுமையைப் பாராட்டினார். அப்படி எழுதுவதுதான் மதிப்பு.

அந்த மாணவியின் கதைக்கு வருவோம். மூன்று நாள் கழித்து மையத்துக்கு வந்தாள். உட்கார வைத்து, அவளுக்குப் பாடம் எடுத்தவர்களில் யார் அவளோடு பேசியிருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராக நினைவுபடுத்தச் சொன்னோம். இரண்டாம் ஆண்டில் ஒரு பருவம் மட்டும் பாடம் எடுத்துவிட்டு வேறு கல்லூரிக்குப் போய்விட்ட கௌரவ விரிவுரையாளர் ஒருவர் நினைவுக்கு வந்தார். எண் தேடிப் பிடித்துப் பேசினாள். அவருக்கு அவள் பெயர் நினைவிருந்தது. அவள் எழுதிய ஒரு அசைன்மென்ட்டின் தலைப்புகூட நினைவிருந்தது. ஒன்றரைப் பக்கம் எழுதி, கேட்ட மறுநாளே பதிவேற்றினார். 'நீயே எழுதிட்டு வா' என்றவரிடமும் மறுபடி போனாள். இந்த முறை விவரத் தாளோடு போனாள், "சார், நீங்களே எழுதினா நல்லா இருக்கும்" என்று நின்றாள். கடைசி நாள் இரவு அவருடைய கடிதமும் போய்ச் சேர்ந்தது.

விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும், இந்த ஆண்டு மையத்தில் கடிதம் கேட்கவேண்டிய நான்கு பேரை அவள்தான் கூட்டிக்கொண்டு போகிறாள்.

ஜெய்பீம்.